கேலப் ரென்ஃப்ரோவின் வலது முழங்கை

நான் ஸ்கோர் அட்டையைப் பேனாவால்தான் எழுதுவேன். மைதானத்தில் மற்றவர்கள் எல்லோரும் பென்சில் வைத்திருப்பார்கள். தப்பானால் அழித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு முதலிலேயே வந்துவிட்டால் ஒருவன் ஆட்டத்தை ஒழுங்காகப் பார்க்க மாட்டான் என்பது என் அபிப்பிராயம். உங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால், மேடம், இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடவும் என் பேனாவையே எடுத்துக்கொள்கிறேன்.

பெயர் வெர்லின் க்ராட்ஸ். வயது அறுபத்து மூன்று. இந்தக் கவுண்டியில் முப்பத்தோரு வருஷம் எடை, அளவு இன்ஸ்பெக்டராக இருந்தேன். கறிக்கடைத் தராசு, பெட்ரோல் பங்க் மீட்டர் எல்லாம் என் கையால்தான் சீல் ஆகும். ஷெரிஃப் அலுவலகத்துக்கு இதுவரை சாட்சி சொல்ல மட்டும்தான் வந்திருக்கிறேன்.

ஸ்டர்ஜன்ஸ் பேஸ்பால் அணிக்கு நான் பிறவி ரசிகன். பெரிய ஸ்டர்ஜன்ஸ் நகரத்தில் ஆடுகிறது. அங்கே போவதற்கு முன்னால் பையன்களைப் பழக்குகிற குட்டி ஸ்டர்ஜன்ஸ் நம் ஊரில். ஒவ்வொரு ஜூனிலும் ட்ராஃப்ட் நடக்கும், முந்தின வருஷம் கேவலமாகத் தோற்ற அணிகள் முதலில் ஆள் பொறுக்கும். அந்த வகையில் நாங்கள் எப்போதும் முன்வரிசைதான். அப்படி இருந்தும் பொறுக்குகிற லட்சணத்தைப் பாருங்கள். ஒரு வருஷம் பின்புறம் பெரிதாக இருக்கிறது என்பதற்காக ஒரு கேட்சரை எடுத்தார்கள். இன்னொரு வருஷம் எடுத்த இடதுகைக்காரன் இப்போது தூண்டில் புழு விற்கிறான். ஹோல்கம் என்று ஒருவன், அவனுக்கு மட்டையே பிடிக்க வராது என்று நான் ரேடியோவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவன் முப்பது ஹோம் ரன் அடித்தான், வாஸ்தவம்தான். ஆனால் அத்தனையும் மோசமான பந்துகள். அவற்றை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்.

2006 ஜூனில் எங்கள் முறை ஏழாவது. லூயிசியானாவிலிருந்து தெரல் பீட்டி என்று பந்து தடுக்கிற ஒரு ஷார்ட்ஸ்டாப், கை கால் அசைவெல்லாம் வெண்ணெய், இன்னும் யாரும் எடுக்காமல் கிடந்தான். அவனை விட்டுவிட்டு, ஓக்லஹோமாவிலிருந்து கேலப் ரென்ஃப்ரோ என்ற பிட்சரை எடுத்தார்கள். வலது கை. வேகம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பந்தை விடுகிற நேரத்தில் அவன் முழங்கை தோளுக்கு ஒரு சாண் கீழே தொங்கியது. அப்படி வீசுகிறவன் கை நிலைக்காது.

அந்தச் செவ்வாய்க்கிழமையே பட்ஜ் லாமரின் ரேடியோ நிகழ்ச்சிக்குப் போன் போட்டேன். பட்ஜ் எனக்கு வைத்திருக்கும் பெயர் ஜோசியர்.

"வாங்க ஜோசியரே. இந்தத் தடவை யாருக்குக் கண்டம்?"

"ரென்ஃப்ரோவோட வலது முழங்கைக்கு. ரெண்டு கோடை. ரெண்டாவது கோடை முடியறதுக்குள்ள அந்த முழங்கை போயிடும். டேப் பண்ணி வெச்சுக்கோ."

அவன் டேப் பண்ணி வைத்துக்கொண்டான். அதுதான் இந்த விஷயத்தின் ஆரம்பம் என்று நான் நினைக்கிறேன்.

முதல் கோடையில் ஒன்றும் ஆகவில்லை. என் பீட்டியை வேறொரு அணி எடுத்துச் சரியாகப் பழக்காததால் அவன் ஆட்டத்தை விட்டு மாமனாரின் டயர் கடையில் உட்கார்ந்துவிட்டான். அடுத்த ஜூனில் ரென்ஃப்ரோவை நம் ஊருக்கு அனுப்பினார்கள். அவன் ஜெயிக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு செவ்வாயும் பட்ஜ் முதலில் என் குரலைப் போடுவான், "ரெண்டு கோடை" என்று நான் சொல்வது ஊர் முழுக்கக் கேட்கும். பிறகு ரென்ஃப்ரோ அந்த வாரம் எத்தனை பேரை அவுட்டாக்கினான் என்று வாசிப்பான். சர்ச்சில் காணிக்கைத் தட்டு நீட்டுகிறவன் என் காதோரம் குனிந்து, "வெர்லின், அந்தப் பையன் கை இன்னும் ஒட்டிக்கிட்டுதான் இருக்கா?" என்று கேட்டான். முடிவெட்டுகிற இடத்தில் சிரித்தார்கள். முப்பத்தோரு வருஷம் இந்த ஊர் என் சீலை நம்பித்தான் கறி வாங்கியது. இப்போது நான் அவர்களுக்கு ஒரு வேடிக்கை. எனக்கு அது வலித்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

குட்டி அணிப் பையன்களை ஊர்க்காரர்கள் வீட்டில் தங்க வைப்பது உங்களுக்குத் தெரியும். அவர்களுக்குக் கொடுக்கிற சம்பளத்தில் நாய்க்கூண்டுகூட வாடகைக்குக் கிடைக்காது. என் மனைவி டார்லீன் பன்னிரண்டு கோடையாக அப்படி ஒவ்வொருவனை வைத்துச் சோறு போட்டிருக்கிறாள். யாருக்கு எந்த வீடு என்று ரசிகர் மன்றத்துப் பெண்கள் குலுக்கிப் போடுவார்கள். அந்த வருஷம் எங்களுக்கு விழுந்த சீட்டில் ரென்ஃப்ரோ பெயர் இருந்தது. நான் கேட்டு வாங்கவில்லை, இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

அவன் நல்ல பையன். வயது இருபத்திரண்டு. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவான், புல் வெட்டுவான், டார்லீனை 'டார்லீன்மா' என்று கூப்பிடுவான். முழங்கையை ஒருபோதும் சாப்பாட்டு மேஜைமேல் வைக்க மாட்டான். அதனால் அதைக் கவனிப்பது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

வந்த முதல் வாரமே கேட்டுவிட்டான். "சார், ரேடியோல வர்ற குரல் உங்களோடதுதானே?"

ஆமாம் என்றேன்.

"எதைப் பார்த்து அப்படிச் சொன்னீங்க? கோவமில்ல சார், நிஜமாவே தெரிஞ்சுக்கணும்."

நான் எழுந்து நின்று வீசிக் காட்டினேன். முழங்கை எங்கே தொங்குகிறது, எங்கே இருக்க வேண்டும் என்று விளக்கினேன். அவனும் எழுந்து ஒரு தடவை வீசிப் பார்த்தான். பிறகு, "எல்லாரும் நான் ஓஹோன்னு வருவேன்னுதான் சொல்றாங்க. மூஞ்சிக்கு நேரா சொன்னது நீங்க ஒருத்தர்தான்" என்றான். அன்றிலிருந்து எதுவானாலும் என்னிடம்தான் வந்து கேட்பான். எனக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று. அவனைப் பற்றி எனக்குத் தப்பான அபிப்பிராயம் எந்த நாளும் இருந்ததில்லை. இருந்ததெல்லாம் அவன் முழங்கையைப் பற்றித்தான்.

ஆகஸ்ட் முதல் வாரம், ஒரு சாயங்காலம், பின்வாசல் படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் சோளம் உரித்துக்கொண்டிருந்தோம். அவன் இடது கையால் உரித்தான்.

"சார், வீசி முடிச்சதும் முழங்கைக்கு உள்பக்கம் சுருக் சுருக்குனு குத்துது. பிசியோகிட்ட சொல்லிடட்டுமா?"

நான் யோசித்தேன். சொன்னால் என்ன ஆகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கையைக் கட்டி உட்கார வைத்துவிடுவார்கள். செப்டம்பர் மூன்றாம் தேதியோடு சீசன் முடிந்துவிடும். பனிக்காலம் முழுக்க ஓய்வு, முழங்கை ஆறிவிடும், அவன் திரும்ப வருவது மூன்றாவது கோடையில். மூன்றாவது கோடையைப் பற்றி நான் எதுவும் சொன்னதில்லை.

"செப்டம்பர்ல பெரிய அணிக்குக் கூப்பிடறதுக்கு இப்பதான் பேர் எழுதிக்கிட்டிருக்காங்க. இந்த நேரத்துல வலின்னு சொன்னா உன் பேரை எழுதுவாங்களா? நீயே சொல்லு" என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அவன் ஒரு சோளத்தை முழுசாக உரித்து முடித்தான். "நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்" என்றான்.

ஆனால் வலி இருக்கிறவன் தன்னை அறியாமலே கையை விட்டுக்கொடுத்துத்தான் வீசுவான். அடுத்த ஆட்டத்தில் அவன் வேகம் குறைந்தது. கோச் புருவத்தைச் சுருக்கியதை மூன்றாவது வரிசையிலிருந்து நானே பார்த்தேன். இன்னும் ஒரு ஆட்டம் இப்படிப் போனால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

டார்லீனுக்கு வசந்தத்தில் முட்டி ஆபரேஷன் நடந்தது. டாக்டர் கொடுத்த வலி மாத்திரை பாதிக்குமேல் மிச்சம் இருந்தது, அவளுக்கு மாத்திரை என்றாலே ஆகாது. அவன் பந்து வீசுகிற நாட்களில், அதாவது ஐந்து நாளுக்கு ஒரு தடவை, காலை ஓட்ஸ் கஞ்சியை நான் காய்ச்ச ஆரம்பித்தேன். மாத்திரையைப் பொடித்து, மேப்பிள் பாகும் பழுப்புச் சர்க்கரையும் தாராளமாகப் போட்டுக் கலக்கிவிடுவேன். கசப்பு தெரியாது. அளவு ஒருபோதும் கூடவில்லை, அந்த விஷயத்தில் நீங்கள் என்னை நம்பலாம். என் தொழிலே அதுதானே. டார்லீன் தன் அக்காவுக்குப் போன் பண்ணி, "கல்யாணமான நாள்லேர்ந்து அடுப்புப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன், இந்தப் பையனுக்காக விடியக்காலைல எழுந்து கஞ்சி காய்ச்சறார்" என்று சொன்னாள்.

அவன் அற்புதமாக வீசினான். அந்த மூன்று ஆட்டங்களைப் போல இந்த ஊர் பார்த்ததில்லை. வலி போயே போச்சு என்று என்னிடம் வந்து சந்தோஷமாகச் சொன்னான், நீங்கள் காட்டிக்கொடுத்த மாதிரி முழங்கையைத் தூக்கி வீசுகிறேன் சார், அதனால்தான் என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆகஸ்ட் முப்பதாம் தேதி, ஆறாவது இன்னிங்ஸ், வெளிச்சம் இன்னும் இருந்தது. அவன் வீசிய பந்து வலைக்கு மேலே எங்கேயோ போயிற்று. பச்சைக் குச்சி ஒடிவது போல ஒரு சத்தம் கேட்டது. அவன் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டு நடந்து வந்தான். கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது, நானும் நின்றேன். ஏழு மணி நாற்பத்தாறு என்று அட்டையில் குறித்துக்கொண்டேன். சீசன் முடிய நாலு நாள் இருந்தது. டார்லீன் அழுதாள். என் கைக்குட்டையை அவளுக்குக் கொடுத்தேன்.

முழங்கைக்குள் இருக்கிற நார் அறுந்துவிட்டது என்றார்கள். அதற்கு ஆபரேஷன் உண்டு, ஒன்றரை வருஷத்தில் திரும்பி வந்து ஆடியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தபோது மாத்திரையும் தெரிந்துவிட்டது. டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த ஜாதி போதை மாத்திரை எடுத்தால் அணியில் மன்னிப்பே கிடையாது. எதுவும் போட்டுக்கொள்ளவில்லை என்று அவன் சத்தியம் செய்தான். ஒரே வாரத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள், ஆபரேஷனும் இல்லை ஒன்றும் இல்லை. இனி எந்த அணியும் அவனைத் தொடாது.

அவன் அப்பா ஓக்லஹோமாவிலிருந்து லாரி ஓட்டிக்கொண்டு வந்தார். மகனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டிகளை நான்தான் ஏற்றினேன். கேலப் கட்டுப்போட்ட கையோடு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"சார், எங்கப்பாகூட நம்பல. நான் எதுவும் போட்டுக்கல சார். நீங்களாவது நம்பறீங்களா?"

"நம்பறேன்பா" என்றேன்.

மனப்பூர்வமாகச் சொன்னேன். இந்த நாட்டில் அதை அவ்வளவு உறுதியாக நம்பக்கூடிய ஆள் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

அவன் போய்ப் பத்தொன்பது நாள் கழித்து இன்றைக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது, மேடம். நேற்று, செவ்வாய்க்கிழமை, பட்ஜ் தன் நிகழ்ச்சியில் என் குரலைக் கடைசித் தடவையாகப் போட்டான். போட்டுவிட்டுச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "ஜோசியர் சொன்னது பலிச்சுதானு நிறைய பேர் கேக்கறீங்க. பலிக்கலைங்க. அந்தப் பய மாத்திரைய முழுங்கிட்டு ஆடித்தான் கையக் கெடுத்துக்கிட்டான். அது போதை கேஸு, முழங்கை கேஸு இல்ல. ஜோசியர் அவுட்டு."

ஒரு பாவமும் அறியாத பையனை, ஊரே கேட்கிற ரேடியோவில், இப்படிப் பேசுகிறான். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டார்லீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மாத்திரை டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். இதோ, அதே டப்பாதான்.

கேலப் இப்போது தன் ஊரில் ஒரு தீவனக் கடையில் இடது கையால் மூட்டை நகர்த்துகிறான் என்று நீங்கள் சொன்னீர்கள். கேட்க வருத்தமாக இருக்கிறது. இந்த வாக்குமூலம் அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் போய்ச் சேரட்டும், அவன் பெயர் சுத்தமாகட்டும். பட்ஜ் லாமருக்கு ஒரு நகல் கட்டாயம் போக வேண்டும், முடிந்தால் அவனுக்கு முதலில் அனுப்புங்கள். எழுதும்போது இரண்டையும் போட்டுக் குழப்பிவிடாதீர்கள், மேடம், அதுதான் நான் கேட்டுக்கொள்வது. மாத்திரை போட்டது நான், அதற்குரிய தண்டனையை ஏற்கிறேன். ஆனால் மாத்திரை வெறும் வலிக்குத்தான். முழங்கையை நான் தொடக்கூட இல்லை. அது தானாகத்தான் போயிற்று, இரண்டாவது கோடை முடிவதற்குள், நான் சொன்னபடியே.