ரேகை விழாத பத்து விரல்

— விரலை அழுத்திக் குத்த வேணாம், தோன்யா யோர்லேனி. மெதுவா, இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரத்துக்கு உருட்டுங்க. ம். பார்ப்போம்.

— விழுந்துச்சா, தோன் எலாடியோ?

— மை விழுந்திருக்கு. ரேகை விழல. கறுப்பு பீன்ஸை நசுக்கி வச்ச மாதிரி இருக்கு, பாருங்க.

— அது எப்படி சார்? சத்தியமா சொல்றேன், இவ கையில ரெண்டு மாசமா ஒரு சொட்டு சோப்புத் தண்ணி பட விடல நான்.

— நீதானே புருஷன்? ஓல்மான்?

— ஆமா சார். போன தடவையும் நான்தான் கூட வந்தேன். அன்னாசி வெட்டி வெட்டி அந்தச் சாறு தோலைத் தின்னுடுச்சு, ஆலைக்கு லீவு போடுங்க, வீட்லயும் பாத்திரம் துணி எதையும் தொடாதீங்க, ரேகை தானா முளைக்கும்னு நீங்கதான் சொன்னீங்க. அப்படியே செஞ்சோம்.

— சொன்னேன், இல்லேங்கல. இந்த சான் கார்லோஸ்ல அன்னாசி வெட்டுற பொம்பளைங்க விரலை இருபத்திரெண்டு வருஷமா உருட்டிட்டு இருக்கேன். எல்லாருக்கும் ஒரு மாசத்துல முளைச்சிருக்கு. உங்க வீட்டம்மாவுக்கு மட்டும் ஏன் முளைக்கலன்னுதான் எனக்குப் புரியல.

— இது மூணாவது ரேகைக் கார்டு சார். ரெண்டை அமெரிக்காக்காரன் படிக்க முடியலன்னு திருப்பி அனுப்பிட்டான்.

— மியாமியில எவ்வளவு காலம் இருந்தீங்க, தோன்யா?

— ரெண்டு வருஷம். கல்யாணத்துக்கு முன்னாடி, சித்தி வீட்ல. ஹோட்டல்ல படுக்கை விரிக்கிற வேலை.

— அந்த ரெண்டு வருஷத்துல இவ மேல ஒரு கேஸும் இல்லன்னு அந்த ஊர் போலீஸ் எழுதிக் குடுத்தாத்தான் கனடாவுல விசா போடுவாங்களாம் சார். மீன் ஆலை வேலை, எட்டு மாசம். வர்ற மாசம் முப்பதாம் தேதிக்குள்ள சான்றிதழ் போய்ச் சேரலன்னா அந்த இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க.

— அப்போ இதுவே கடைசி கார்டுன்னு வச்சுக்க வேண்டியதுதான். குடைஞ்சு கேக்கறேன்னு நினைக்காதீங்க. வீட்ல யாரு சமைக்கிறது?

— நான்தான். காலையில சோறும் பீன்ஸும் கிளறி காயோ பிந்தோ, துணியில வடிச்ச காபி, மதியத்துக்கு ஏதாவது ஒண்ணு. சிரிக்காதீங்க சார், மூலைக்கடையில ஒருத்தன் பாக்கியில்லாம சிரிச்சு முடிச்சாச்சு. பொம்பளையைக் கூப்பிடற மாதிரி என்னை தோன்யா ஓல்மான்னு கூப்பிடறானுங்க. கனடாவுக்குப் போறது உங்க பொண்டாட்டியா என் பொண்டாட்டியான்னு கேட்டுட்டு வந்தேன்.

— துணி?

— நான்தான். மகளுக்குத் தலை பின்றதுகூட இப்போ கை வந்துடுச்சு.

— முதல் வாரம் அவ வைக்கோல் பொம்மை மாதிரி பள்ளிக்கூடம் போனா.

— இப்போ ரெண்டு பின்னல், ரிப்பனோட. சொல்லேன், என் ராணி.

— நல்லாத்தான் பின்றீங்க.

— சரி, கையை இப்படி வெளிச்சத்துக்குத் திருப்புங்க. லென்ஸ் எங்க வச்சேன்? ம். பார்ப்போம். ஓல்மான், எதிர்க் கடையில இந்த பாஸ்போர்ட்டை ரெண்டு நகல் எடுத்துட்டு வாப்பா.

— போன தடவை குடுத்ததே இருக்குமே சார்.

— புதுசா வேணும்.

— சரி. என் ராணி, அந்த மையை நீயா கழுவாத. நான் வந்து துடைச்சு விடறேன்.

— போயிட்டாரு. இப்போ சொல்லுங்க, தோன்யா.

— என்னத்தைச் சொல்ல?

— உள்ளங்கையில காய்ப்பு கரைஞ்சு போச்சு. நகம் வளர்ந்து சாயம்கூடப் பூசியிருக்கீங்க. வெடிப்பெல்லாம் ஆறிடுச்சு. பத்து நுனி மட்டும் நேத்து தேஞ்ச மாதிரி வழவழன்னு இருக்கு. ஆலையில தேஞ்சா உள்ளங்கையும் சேந்துதான் தேயும். இப்படி இடம் பாத்துத் தேயாது. அப்புறம், மை தடவறப்போ ஒரு வாசம் வந்துச்சு.

— சோப்பு வாசமா இருக்கும்.

— இந்த ஊர்ல நாய்க்குக்கூடத் தெரிஞ்ச வாசம் அது.

— அவர் மகளைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வர அரை மணி ஆகும். அப்போ அன்னாசித் தோலை எடுத்து ஒவ்வொரு விரலா தேய்ப்பேன்.

— மியாமியில ஏதாவது கேஸ் இருக்கா? பயப்படாதீங்க. நான் விரலை உருட்டற ஆளுதான், பிடிச்சுக் குடுக்கற ஆளு இல்ல.

— ஒரு கேஸும் இல்ல. சான்றிதழ் சுத்தமாத்தான் வரும்.

— சுத்தமா வர்ற சான்றிதழை எதுக்கு வராம பாத்துக்கறீங்க? என் சர்வீஸ்ல இப்படி ஒண்ணைப் பாத்ததே இல்ல.

— பதினோரு வருஷம், தோன் எலாடியோ. நாலரைக்கு எழுந்து சமைச்சு வச்சுட்டு ஆலைக்கு ஓடுவேன். வந்து அதே கையால பாத்திரம் தேய்ப்பேன். கை எரியுதான்னு அவர் ஒரு நாள் கேட்டதில்ல. நீங்க லீவு போடச் சொன்ன மறுநாள் காலையில கண்ணைத் தொறக்கறேன், காபியோட நிக்கிறாரு. பாதி காபி சிந்தித் தட்டுலதான் இருந்துச்சு. எனக்கு அழுகை வந்துடுச்சு. விரல் எரியுதுன்னு நினைச்சு ஊதி விட்டாரு.

— இதை அவர்கிட்டயே சொல்லலாமே.

— சொன்னா அன்னிக்கே துடைப்பம் என் கைக்கு வந்துடும். விசாவுக்காகச் செய்றேன்னு கடையில நெஞ்சை நிமித்திச் சொல்ல முடியுது அவரால. பொண்டாட்டிக்காகச் செய்றேன்னு சொல்ல வாய் வராது. எனக்கு அவரை இந்த ரெண்டு மாசமாத்தான் ரொம்பப் பிடிச்சிருக்கு.

— இருந்தாலும் யோசிங்க. இன்னிக்கும் விழலன்னு நான் எழுதினா தேதி தாண்டிடும்.

— அதோ ரோட்டைத் தாண்டி வந்துட்டாரு. இன்னும் ஒரு மாசம் தண்ணி படக் கூடாதுன்னு சீக்கிரம் எழுதிடுங்க.

— எழுதிடலாம். கனடா வேலை கையை விட்டுப் போயிடுமேன்னு சொல்றேன், தோன்யா.

— அந்த வேலை எங்க இருக்கு, போறதுக்கு? நான் வரலன்னு அவங்களுக்கு எழுதிப் போட்டே ஆறு வாரமாச்சு.