மான் வேட்டைச் சனிக்கிழமையின் தலைக்கணக்கு

...புது ஸ்டேடியம் கட்டப்போறாங்களாம், பதினஞ்சாயிரம் பேரு உக்கார்ற மாதிரி! ஊர்லயே மொத்தம் ஒம்பதாயிரம் பேருதான் இருக்கோம், நாய் பூனைய சேக்காம. மிச்ச ஆளுங்கள எங்கேந்து புடிச்சிட்டு வருவாங்களாம்? நில்லுங்க சார், ஒரு நிமிஷம். உங்க காலேஜு ஆளுங்க உக்கார்றது அந்தாண்ட பக்கம். எங்கயும் ஓடிப்போயிடாது. ஆட்டமே பாதி முடிஞ்சாச்சு, இனி ரெண்டு நிமிஷத்துல என்ன கொறஞ்சிடப் போவுது? தூறுது பாருங்க, இந்தக் கொட்டாய்க்குள்ள வந்து நில்லுங்க.

டிக்கெட்டா? அதெல்லாம் நோர்டல் காலேஜுல கெடயாது. இந்தா, என் கையில இருக்கே, எண்ணுற மிஷினு. ஆளு உள்ள வந்தா கட்டவெரலால ஒரு அமுக்கு. க்ளிக். ஆச்சு. நீங்க நூத்தி நாலு.

ஏங்க சிரிக்கிறீங்க? நூத்தி நாலுதான். மினசோட்டாவுல மான் வேட்டை தொடங்குற சனிக்கெழம ஃபுட்பால் வெச்சா வேற எவன் வருவான்? துப்பாக்கி தூக்கத் தெரிஞ்சவன் பூரா விடியறதுக்கு முன்னாடியே போயி காட்டுல மரத்து மேல ஏறி உக்காந்துட்டான். என் வீட்டுக்காரரு வெர்லினுந்தான். "பெத்த புள்ள ஆடுறான், வாய்யா"ன்னா, "அவன் அடுத்த வாரமும் ஆடுவான், மான் அடுத்த வாரம் வரைக்கும் எனக்காக நிக்குமா"ங்குறாரு. போன வருஷமும் இப்படித்தான் போனாரு. சளியோட வந்தாரு.

எங்க விட்டேன்? ஆங், ஸ்டேடியம். எல்லாம் அந்த பிரெண்ட்லிங் வேல. எங்க காலேஜுத் தலைவரு. வந்து ஒண்ணரை வருஷம் ஆவுது. அந்தா, நடு வரிசையில கம்பளி போத்திக்கிட்டு, பச்ச மஃப்ளரு... அவருதான். மூணாம் பிரிவுல ஆடிட்டு இருந்த காலேஜ முதல் பிரிவுக்குக் கொண்டுபோவப் போறாராம். டிவில காட்டுறாங்களே, லட்சம் பேரு கத்துற காலேஜுங்க, அவங்களோட போயி நாங்க மோதணுமாம். எங்க காலேஜு எத்தன புள்ளைங்க தெரியுமா? ஆயிரத்தி முந்நூறு. ஓட்டப்பந்தயக் கோச்சும் நீச்சல் கோச்சும் ஒரே ஆளு. அவருக்கு நீந்தத் தெரியாது! சத்தியமாங்க. கரையில நின்னு கைய ஆட்டிக் காட்டுவாரு.

லைப்ரரிக் கூரை ஒழுவுது. புஸ்தக ஷெல்ஃபுக்கு நடுவுல பக்கெட்டு வெச்சிருக்காங்க. பிரெஞ்சுப் பாடத்த மூடிட்டாங்க. ஆனா அந்த ஹோல்ம்கிரென், பக்கத்துல தொப்பி போட்டுட்டு உக்காந்திருக்காரே, மக்காச்சோள விதை விக்கிறவரு, அவரு சொல்றாரு, நாம வளரணும்னா பெரிய எடத்துல ஆடணுமாம். ஸ்கோர்போர்டு வாங்கிக் குடுத்தாரு. எவ்வளவு பெருசு பாருங்க, எங்க வீட்ட விட பெருசு. போன வாரம் நாங்க பந்த விட்டுட்டு நிக்குறோம், இந்த மனுஷன் எழுந்து நின்னு கை தட்டுறாரு. எந்தப் பக்கம் நம்ம பக்கம்னே தெரியாது. இவருக்கு முதல் பிரிவு!

காப்பி குடிக்கிறீங்களா? ஃப்ளாஸ்க்குல இருக்கு. வேணாமா? சரி. சூடாவும் இல்ல.

என் மகன் அந்தா, சட்டையில அறுபத்தி நாலுன்னு நம்பரு. இடுப்புல கைய வெச்சிட்டு மூச்சு வாங்குறானே, அவந்தான். டோபின். அவன் வேல பந்தத் தொடுறது இல்லீங்க, வர்றவன ஹெல்மெட்டோட முட்டி மறிக்கிறது. மாட்டுக் கொட்டாய்க் கதவு மாதிரி நிப்பான், ஒருத்தன் உள்ள போவ முடியாது. ஓடச் சொன்னாத்தான்... ஜனவரி மாசம் வெர்லினோட வண்டி ஸ்டார்ட் ஆவுற மாதிரி. ஆனா ஆசை. அஞ்சு வயசுலேந்து ஆசை. வேற எந்தக் காலேஜும் அவனச் சீந்தல. இவங்க எடுத்தாங்க. மூணாம் பிரிவுல ஆடுறதுக்குன்னு காசு தரமாட்டாங்க பாருங்க, அதனால ஆசைப்பட்டவன்தான் ஆடுவான். படிச்சு சின்னப் புள்ளைங்களுக்கு வாத்தியாரா போவப் போறான். இன்னும் ஒரே ஒரு வருஷம் ஆட்டம் பாக்கி.

முதல் பிரிவுக்குப் போயிட்டா? டெக்சாஸ்லேந்தும் ஃபுளோரிடாலேந்தும் இலவசமாப் படிக்கவெச்சுக் கொண்டுவருவாங்க, ஒவ்வொருத்தனும் ஃப்ரிட்ஜு மாதிரி இருப்பான், ஆனா மான் மாதிரி ஓடுவான். இப்ப இருக்குற பசங்களுக்கு நன்றி விழா நடத்துவாங்களாம். கேக்கு வெட்டி அனுப்பிவெச்சிடுவாங்க. இத டோபின் சாப்பாட்டு மேசையில சொன்னான். சொல்லிட்டு எழுந்து போயி, பனி அள்ளுற மம்பட்டிய எடுத்துக்கிட்டு வாசல்ல நின்னான். ஒரு பொட்டுப் பனி இல்ல தரையில. சும்மா நிக்குறான் அதப் புடிச்சிக்கிட்டு.

முதல் பிரிவுக்குப் போறதா வேணாமான்னு இன்னிக்கு அஞ்சு மணிக்கு ஓட்டெடுப்பு. அந்த நடு வரிசையில பதினோரு பேரு இருக்காங்களே, காலேஜு நிர்வாகக் குழு, அவங்கதான் கை தூக்கப் போறவங்க. ஆட்டம் முடிஞ்ச ஒடனே நேரா மீட்டிங்கு.

நான் கெழம நாள்ல காலேஜு சாப்பாட்டுக் கூடத்துல பரிமாறுறவ. பத்தாவதோட படிப்ப நிறுத்திட்டு வான்கோழி ஆலைக்குப் போனவ, எனக்கு எவன் வேற வேல குடுப்பான். செவ்வாக்கெழம இவங்க கூடிப் பேசினப்ப நாந்தான் தட்டு எடுத்தேன். மேசையில ஒரு அறிக்கை. வழவழன்னு தாளு. அதுல மூணு பட்டை வரைஞ்சிருக்கு, படிக்கட்டு மாதிரி ஏறுது. "ரசிகர் வருகை"ன்னு மேல போட்டிருக்கு. பிரெண்ட்லிங் அத வெரலால தட்டித் தட்டிப் பேசுறாரு. "பாருங்க, மூணே வருஷத்துல ஊரே நம்ம பின்னாடி திரண்டுடுச்சு. ஜனங்களே நம்மள மேல தள்ளுறாங்க"ன்னு. என் கையில இருந்த கரண்டி கீழ விழுந்துடுச்சு.

ஏன்னா அந்த மொதப் படி எனக்குத் தெரியும்.

இல்ல இல்ல, போவாதீங்க, தூறல் இன்னும் விடல. இத நான் வெர்லின் கிட்ட கூட சொல்லல.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, இதே மான் சனிக்கெழம. டோபினுக்கு மொத ஆட்டம். குளிருன்னா குளிரு. நான் எண்ணினேன், அறுவத்தொண்ணு பேரு. அதுல ரெண்டு பேரு கழிப்பறைக்கு வந்தவங்க. மேல அந்தச் சன்னல் தெரியுதா? ஆர்டன் உக்காந்திருப்பான், மைக்குல பேசுறவன். எங்கூடப் படிச்சவன். மூணாம் பகுதி ஆட்டம் நடக்குறப்ப கயித்துல ஒரு காப்பி டப்பாவ எறக்குவான், நான் சீட்டுல நம்பர எழுதிப் போடுவேன், அவன் மேல இழுத்துப் படிப்பான். "இன்று வந்திருக்கும் ரசிகர்கள் இத்தனை பேர், நன்றி!" அத எழுதுறப்ப பாக்குறேன், எம் புள்ள ஹெல்மெட்டக் கழட்டிட்டு பெஞ்சுகளயே பாத்துட்டு இருக்கான். வெறும் பெஞ்சு. அப்பன் மரத்து மேல. எனக்கு மனசு கேக்கல. அறுவத்தொண்ணு பக்கத்துல ஒரு சைபரப் போட்டுட்டேன்.

அறுநூத்திப் பத்து! ஆர்டன் கொஞ்சங்கூட யோசிக்காம படிச்சுட்டான். எல்லாரும் கை தட்டினாங்க. வீட்டுக்கு வந்து டோபின் கேக்குறான், "ம்மா, அறுநூத்திப் பத்தா?" "ஆமாடா." "கார்ல உக்காந்து நெறைய பேரு பாத்திருப்பாங்க போல"ன்னான். நம்பிட்டான் புள்ள.

அடுத்த வாரம் நெசமாவே முந்நூறு பேரு வந்தாங்க. முந்நூறுன்னு எழுத முடியுமா? மான் வேட்டை அன்னிக்கே அறுநூறு வந்துச்சே! தொள்ளாயிரம்னு எழுதினேன். அப்புறம் எறக்கவே முடியல. நாயி வந்தா ஒரு அமுக்கு. பேண்டு வாத்தியத்துல பெரிய கொழலுக்குத் தனியா ஒரு அமுக்கு. முழுகாம இருக்குறவ வந்தா ரெண்டு. ஏரிலேந்து வாத்துக் கூட்டம் வந்து எறங்கிச்சு, அதையும் விடல. போன வாரம் எவ்வளவு தெரியுமா? ரெண்டாயிரத்தி முந்நூத்தி அம்பது. பெஞ்சு மொத்தம் ஆயிரத்தி அறுநூறு பேருக்குத்தாங்க!

ஒருத்தன்... ஒரே ஒருத்தன் கேக்கல. எல்லாம் டாக்டர் பட்டம் வாங்கினவங்க. காலி பெஞ்சுல கால நீட்டி உக்காந்துக்கிட்டு, ரெண்டாயிரத்தி முந்நூறுன்னு ஸ்பீக்கர்ல சொன்னதும் ஒருத்தர ஒருத்தரு பாத்துத் தலையாட்டுறாங்க. கழுத்தத் திருப்பி ஒருவாட்டி பாத்தா என்ன, சுளுக்கிக்குமா? பத்தாவது ஃபெயிலு நான் போட்ட நம்பர நம்பி பதினஞ்சாயிரம் பேருக்குக் கொட்டாய் போடுறாங்களே, இவங்கள என்னன்னு சொல்றது?

என்னையத் தான் சொல்லணும்ங்குறீங்க. சொல்லுங்க. கட்டினவ நாந்தானே அந்தப் படிக்கட்ட. எம் புள்ளைக்குன்னு கட்டினேன், அவனத் தான் அதுலேந்து உருட்டி விடப்போறாங்க.

அய்யோ, டப்பா எறங்குது. பாருங்க, ஆட்டுறான். "மார்லிஸ், நம்பரு, நம்பரு"ன்னு கத்துறான். இருடா! நாலு நாளா நெனச்சு வெச்சிருந்தேன், இன்னிக்கு ரெண்டாயிரத்தி நானூறுன்னு எழுதலாம்னு. இல்ல உண்மைய எழுதினா... இந்த வாசல் வேல போவும். போவட்டும், நின்னு நின்னு முட்டி போச்சு. ஆனா அறுவத்தொண்ணு பேரு முன்னாடிதான் அன்னிக்கு ஆடினான்னு அவனுக்குத் தெரிஞ்சிடுமே... நீங்களே சொல்லுங்க, உங்களுக்கும் அங்க ஒரு பையன் ஆடுறான்ல, நீங்க என்ன...

சார்? ஏங்க, சார்!

போயிட்டாரு. மழையிலயே போயிட்டாரு மனுஷன். போங்க, போங்க. எந்தப் பக்கம் உக்காந்தாலும் நூத்தி நாலுல நீங்களும் உண்டு. இந்த மிஷினு பின்னால சுத்தாது.

டேய் ஆர்டன்! டப்பாவ இழு! சீட்டு இல்ல, மிஷினையே போட்டிருக்கேன். கண்ணாடியப் போட்டுட்டுப் பாரு. ஆமா. நூத்தி நாலு. எதுவும் விட்டுப்போவல. அப்படியே படி. ஏண்டா முழிக்கிற, ரெண்டாயிரத்த வாய் வலிக்காம படிச்சல்ல, நூத்தி நாலு வராதா ஒனக்கு? படிடா!

...படிச்சுட்டான்.

கை தட்டல் இல்ல. டோபின் ஹெல்மெட்டக் கழட்டிட்டான். என்னையத்தான் பாக்குறான். பாருடா, நல்லாப் பாரு, அப்புறம் வீட்ல வந்து கேளு, எல்லாம் சொல்றேன். அங்க பாரு, அங்க... நடு வரிசையில பச்ச மஃப்ளரு எழுந்துடுச்சு. ஹோல்ம்கிரென் தொப்பியக் கழட்டுறாரு. மூணு வருஷத்துல மொத தடவையா பதினோரு பேரும் கழுத்தத் திருப்பி பெஞ்சப் பாக்குறாங்க.