நான்காம் பகுதிக்கு நாற்பது புள்ளி

கடை திறந்து இன்றோடு நூற்றுப் பதினேழு நாட்கள். ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்தே எண்ணியிருக்கிறேன். ஞாயிறு கடை பூட்டு என்றாலும், வெப்பநிலை பார்க்க நான் ஒரு தடவை வந்து போவேன். எண்ணெய்ப் போத்தல்களுக்குச் சூடு ஆகாது.

அன்புள்ள இசபெல், ஆண்டறிக்கைக்காக, இந்தக் கடைக்கு நான் வந்த கதையை இரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னீர்கள். நேரில் பேட்டி எடுக்கத்தான் முதலில் கேட்டீர்கள். எனக்குப் பேச வராது என்றதும், உன் மொழியிலேயே எழுது, மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்றீர்கள். அதற்கு நன்றி. தொலைபேசியும் எனக்கு ஆகாது. பல் மருத்துவரிடம் நேரம் கேட்பதற்குக்கூட அம்மாதான் எடுப்பார். இருபத்தாறு வயதில் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

அறிக்கையின் அட்டையில் அப்பாவின் படம் வரும் என்று சொல்லி, அதன் கீழே போடும் வரிக்கு ஒரு வரைவும் அனுப்பி, சரிதானா என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவையும் எழுத வேண்டியிருக்கிறது.

நான் படித்தது வேதியியல். மூன்று வருடம் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தேன். கஞ்சாச் செடியிலிருந்து போதையை நீக்கி எடுக்கும் எண்ணெயைக் கடைகளில் விற்கிறார்கள் அல்லவா, அந்தப் போத்தல்கள் எங்களிடம் வரும். வெளியே எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது என் வேலை. பாதிக்கு மேல் ஒன்றாக இருக்காது. எழுதியது உள்ளே இருக்கும் ஒரு கடையை நானே நடத்தினால் என்ன என்று தோன்றியது. பேராசை என்று சொல்ல முடியாது.

அப்போதுதான் உங்கள் அறக்கட்டளையின் திட்டம் வந்தது. லண்டன் லூயிஷாமில் ஆறு கடைகள், குறைந்த வாடகை. நாளை சட்டம் மாறி இந்த நாட்டில் கஞ்சாவையே விற்க அனுமதி வந்தால், அந்த அனுமதிக்கான வரிசையிலும் இந்த ஆறு பேருக்கே முதலிடம். விண்ணப்பத்துக்கு மொத்தம் நூறு புள்ளி. முதல் மூன்று பகுதிகளும் அறிவு, திட்டம், அனுபவம் பற்றியவை; அறுபது புள்ளி. நான்காம் பகுதியில் ஒரே ஒரு கேள்வி. உங்களுக்கோ உங்களோடு ஒரே வீட்டில் வாழும் குடும்பத்தினருக்கோ கஞ்சா தொடர்பாகத் தண்டனை கிடைத்திருக்கிறதா? ஆம் என்றால் நாற்பது புள்ளி.

இல்லை என்ற பெட்டியில் குறியிட்டேன். அது உண்மை. உண்மைக்குப் பூச்சியம் கிடைத்தது. மற்றவற்றில் அறுபதுக்கு ஐம்பத்து நான்கு. எழுபது வேண்டியிருந்தது.

திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. ஒரு சிறு பொட்டலத்துக்காகப் பையன்கள் சிறைக்குப் போன தெருவில், அதே செடியைக் கழுத்துப்பட்டி கட்டியவர்கள் விற்றுப் பணக்காரராவது நியாயமில்லை. இதை முழுமனதாக ஏற்கிறேன். எங்கள் வீட்டுக்கு அந்த நியாயத்துக்குள் இடம் இருக்கவில்லை. அவ்வளவுதான்.

உங்கள் கடிதம் வந்த அன்று அம்மாதான் முதலில் சிரித்தார்.

"இந்த நாட்டில கள்ளருக்குத்தான் கடை குடுப்பினமாம். உன்ர அப்பாவைப் பார். ரோட்டில ஒரு வாகனமும் இல்லாட்டிலும் பச்சை லைட்டுக்குக் காத்து நிக்கிற மனிசன்."

"அதுக்கு இப்ப என்னை என்ன செய்யச் சொல்லுறாய், பியற்றிஸ்?" என்றார் அப்பா. "போய் வங்கியை உடைக்கட்டோ?"

"உங்களுக்கு டின் மீனே உடைக்கத் தெரியாது. வங்கியாம்."

மூவரும் சிரித்தோம்.

அப்பாவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். யேசுரட்ணம், அறுபத்தொரு வயது. மன்னாரிலிருந்து பாரிஸ், பாரிஸிலிருந்து இங்கே. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிப் போகும் வானை ஒன்பது வருடம் ஓட்டினார். ஞாயிறு பூசையில் நற்கருணை கொடுக்கும் பணியும் அவரிடம் இருந்தது. மிச்ச நேரம் முழுவதும் கொல்லைப்புறத்து ஷெட்டில். குளிருக்குக் கறிவேப்பிலை நிற்காது என்பதால் அதற்குள் ஹீட்டரும் ஊதா விளக்கும் பூட்டியிருந்தார். எங்கள் கோயில் பங்கு மக்களில் பாதிப் பேரின் சமையலுக்கு அங்கிருந்துதான் இலை போகும். "யேசு அண்ணை, உந்த ஊதா லைட்டுக்கே உங்களை ஒருநாள் பொலிஸ் தூக்கும்" என்று கோயில் வாசலில் பகிடி விடுவார்கள்.

விதைகளை நான்தான் கொண்டுவந்தேன். பரிசோதனைக்கு என்றேன். ஐந்து செடி போதும். பதினான்கு வைத்தேன். எண்ணிக்கையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"இது என்ன பிள்ளை?"

"கஞ்சா இனம்தான் அப்பா. ஆனால் போதை இல்லாதது. என்ர வேலைக்கு."

"பேப்பர் இருக்கோ?"

"ஓம்."

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. நான் லாபுக்குப் போகும் நேரங்களில் அவரே தண்ணீர் ஊற்றினார். கறிவேப்பிலைக்குப் போடும் புளித்த மோரை இதற்கும் போடலாமா என்று ஒருநாள் கேட்டார். வேண்டாம் என்றேன். அம்மா ஷெட் பக்கம் போவதில்லை, சிலந்திக்குப் பயம். ஆக, உள்ளே என்ன நிற்கிறது என்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

விதை போட்ட தொண்ணூற்றோராம் நாள், ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணிக்குப் பொலிஸ் வந்தது. நான் வேலையில் இருந்தேன். பிள்ளைகளை இறக்கிவிட்டு அப்பா வீட்டுக்கு வந்திருந்தார். இவை யாருடையவை என்று கேட்டார்கள். என்னுடையவை என்றார். மொழிபெயர்ப்பாளர் வரும்வரை பொறுக்கச் சொன்னார்களாம். அந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்று ஆங்கிலத்திலேயே சொல்லியிருக்கிறார்.

எட்டு வயதில், பாரிஸில், கோயிலில் ஓடி விளையாடி அந்தோனியார் சுரூபத்தின் கையை உடைத்தேன். அப்பா எழுந்து போய், தன் தோள் இடித்துவிட்டது என்று சுவாமியாரிடம் சொன்னார். அது ஒரே ஒரு தரவுதான். ஆனால் வலுவான தரவு.

பதினான்கு செடிகளோடு ஏழு கறிவேப்பிலையையும் பொலிஸ் கொண்டுபோனது. சந்தேகத்துக்கு. நாற்பத்தொரு நாளின் பின் ஏழு சாடிகளும் திரும்பி வந்தன. ஏழிலும் குச்சி மட்டும் நின்றது.

அன்று மாலை அப்பா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நீ ஒண்டும் கதைக்க வேண்டாம். உன்ர படிப்பு இருக்கு." நான் ஒன்றும் கதைக்கவில்லை. அது எனக்குப் பழக்கமானது.

யார் காட்டிக் கொடுத்தது என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பக்கத்து வீட்டு எட்வேட். எழுபத்தைந்து வயது, தனி ஆள்.

"உவன்தான். எங்கட தாளிச்ச மணம் போனாலே ஜன்னலைப் பூட்டுறவன். பதினொரு நத்தாருக்குப் பலகாரம் குடுத்தன். திண்ட வாயால போய்ச் சொல்லியிருக்கிறான்."

"விடு, பியற்றிஸ்" என்றார் அப்பா.

"நீங்கள் விடுங்கோ. நான் விடமாட்டன்."

ஒவ்வொரு டிசம்பரும் நத்தார்ப் பண்டிகைக்கு அவருக்குத் தட்டில் பலகாரம் போகும். தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அம்மா இரண்டாம் வருடமே அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அவரும் ஒரு வருடம்கூடத் தவறாமல் பிஸ்கட்டோடு தட்டைக் கொண்டுவருவார். அந்த வருடம் அம்மா தட்டு அனுப்பவில்லை.

அப்பா நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறை இல்லை. நூற்றிருபது மணித்தியாலம் ஊதியமில்லாத வேலை. செம்மஞ்சள் மேலங்கி போட்டுப் பூங்காவின் இரும்பு வேலிக்குப் பெயின்ட் அடித்தார். பூசைக்குப் போகும் வழி அது. தெரிந்தவர்கள் எல்லாரும் அந்த இடம் வந்ததும் தொலைபேசியைப் பார்த்தபடி போனார்கள். வான் வேலை போனது. பிள்ளைகளோடு வேலை செய்பவருக்குப் பதிவு சுத்தமாக இருக்க வேண்டும். நற்கருணைப் பணியிலிருந்து கொஞ்சக் காலம் ஓய்வெடுங்கோ என்று சுவாமியார் மென்மையாகச் சொன்னார். அந்தக் கொஞ்சக் காலம் இன்னும் முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை அப்பா சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார். நெடுநேரம் உள்ளே இருந்தார். செய்யாததைச் செய்ததாகச் சொன்னாரா, பொலிசுக்குப் பொய் சொன்னதைச் சொன்னாரா, தெரியாது. நானும் போயிருக்கலாம். வரிசை நீளமாக இருந்தது.

அடுத்த வருடம் திட்டத்தின் இரண்டாம் சுற்று வந்தது. நான்காம் பகுதியில் ஆம் என்று குறியிட்டேன். அதுவும் உண்மை. ஐம்பத்து நான்கும் நாற்பதும் தொண்ணூற்று நான்கு.

நேர்முகத்தின்போது சட்டன் பகுதியிலிருந்து வந்த துஷாந்தன் என் பக்கத்தில் இருந்தார். முப்பத்து மூன்று வயது. பத்தொன்பதில் ஒரு பொட்டலத்துக்காக எட்டு மாதம் உள்ளே இருந்தவர். மிச்சமிருந்தது ஒரு கடை. அவருக்கு எண்பத்தொன்று வந்ததாகப் பிறகு அறிந்தேன். அறிவியல் பகுதியில் அவர் பலவீனம். என் முடிவைக் கேட்டதும் எழுந்து கை கொடுத்தார்.

"தங்கச்சி, உங்கட அப்பாவின்ர கதையைக் கேள்விப்பட்டன். எனக்கெண்டாலும் அப்ப இளம் வயது. இந்த வயசில ஒரு மனிசனை... பரவாயில்லை, உங்களுக்குக் கிடைச்சது நல்லது."

நன்றி என்றேன். சத்தம் வெளியே வந்ததா என்று தெரியவில்லை.

திறப்பு விழாவில் நீங்கள் அப்பாவை நடுவில் நிறுத்திப் பெயர்ப்பலகையைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தீர்கள். இப்போது எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டீர்கள். பிள்ளைக்கு நல்லது நடந்தால் சரி என்றார். நான் மொழிபெயர்த்தேன். உங்கள் கண் கலங்கியது. அந்தப் படம்தான் அட்டையில் வரப்போகிறது.

இப்போது கடையில் பெட்டி உடைப்பதும் கூட்டுவதும் அப்பாதான். வாடிக்கையாளர் வந்தால் பின்னறைக்குப் போய்விடுவார்.

போன செவ்வாய்க்கிழமை எட்வேட் கைத்தடியோடு கடைக்கு வந்தார். நீலக் கரை போட்ட தட்டு ஒன்றை மேசையில் வைத்தார். தட்டு நிறையப் பிஸ்கட். திருப்பித் தரத் தாமதமாகிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அம்மா உடைந்துபோனதாக நினைத்துத் தேடிக்கொண்டிருந்த தட்டு அது.

"நான்தான் நத்தாருக்குக் குடுத்தனான்" என்றார் அப்பா. "போன நத்தாருக்கும்."

"ஏன் அப்பா? அவர்தானே பொலிசுக்கு..."

"அவர் இல்லை." அப்பா கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைச் சுவரில் சாத்தினார். "பொலிஸ் வந்ததுக்கு முந்தின திங்கள் அவருக்கு முழங்கால் ஒப்பரேசன். நான்தான் கொண்டுபோய் விட்டனான். வெள்ளிவரைக்கும் ஆஸ்பத்திரியிலதான் இருந்தவர். பூனைக்குச் சாப்பாடு வைச்சதும் நான்தான்."

பிறகு ஒரு பிஸ்கட்டை எடுத்துப் பாதியாக உடைத்து, ஒரு பாதியை என்னிடம் நீட்டினார்.

"அம்மாட்டச் சொல்லாதை. அவவுக்கு ஆரையாவது ஏசோணும். எட்வேட்டை ஏசட்டும். அவருக்குத் தமிழ் விளங்காது."

அதாவது, பொலிஸ் வந்த புதன்கிழமையே அப்பாவுக்குத் தெரியும். ஷெட்டுக்குள் இருப்பதை அறிந்தவர்கள் இரண்டு பேர். அப்பா தன்னைத் தானே காட்டிக் கொடுக்கவில்லை. நீதிமன்றத்தில் எழுந்து நின்று ஒப்புக்கொண்டபோதும், வேலிக்குப் பெயின்ட் அடித்தபோதும், பெயர்ப்பலகையைப் பிடித்து நின்றபோதும் இதைத் தெரிந்துகொண்டுதான் நின்றிருக்கிறார். இது நான் கணிக்காத ஒன்று. மற்றவை எல்லாம் கணித்தபடிதான் நடந்தன.

எண்ணிக்கையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். நான் வாசித்த அளவில், அனுமதிப் பேப்பர் இல்லாமல் நாலைந்து செடி என்றால் எச்சரித்து விட்டுவிடுவார்கள். எச்சரிக்கைக்கு நான்காம் பகுதியில் புள்ளி இல்லை. முப்பது என்றால் சிறை. அப்பா சிறைக்குப் போவதை நான் விரும்பவில்லை. ஆகவே பதினான்கு. நானே பிடிபட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதையும் யோசித்தேன். எண்ணெய்க்குத் தரச்சான்று எழுதுகிறவரின் பெயர் சுத்தமாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு ஓய்வுபெற ஐந்தாறு வருடம்தான் இருந்தது. சுரூபத்தின் கையைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

உங்கள் திட்டம் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கானது. நாங்கள் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். அதில் தவறான தகவல் எதுவும் இல்லை. படத்தின் கீழே வரும் வரிதான் எனக்குப் பிரச்சினை. வெளியே எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். அயலவர் ஒருவரின் முறைப்பாட்டால் என்று உங்கள் வரைவில் இருக்கிறது. அதைத் திருத்திவிடுங்கள்.

பொலிசுக்கு அழைத்தது நான். அந்தப் புதன்கிழமை காலை எட்டு ஐம்பத்திரண்டுக்கு, லூயிஷாம் நிலைய மேடையில் நின்று. யாருடைய உதவியும் இல்லாமல் நானாக எடுத்த முதல் அழைப்பு அது. ரயில் வந்ததால் முகவரியை இரண்டாம் முறை சத்தமாகச் சொன்னேன். அப்பாவின் முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். என் பெயரைக் கேட்டார்கள். சொல்லக் கூச்சமாக இருந்தது.