காளைக்கன்றுகளின் காலை உணவு

காப்பி நன்றாக இருக்கிறது, ஐயா. காவல் நிலையத்தில் இப்படிக் காப்பி கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் நீங்கள் கூப்பிடும் முன்பே வந்திருப்பேன். அக்கா போன நாளிலிருந்து வீட்டில் காப்பி இல்லை. தூள் எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியும். அதற்கு மேல் எனக்குப் பழக்கமில்லை.

கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆனால் பல்லிகளிலிருந்து தொடங்கினால்தான் விஷயம் விளங்கும். கன்னிமாதாவின் காளைக்கன்று என்று நம் ஊரில் சொல்கிறோமே, தலையில் கொம்பு முளைத்த அந்தத் தட்டைப் பல்லி, அதில் நாலு என் கொல்லையில் இருந்தன. நாய் வாய் வைத்தால் கண்ணிலிருந்து ரத்தம் பீய்ச்சும். மாதாவுக்காக அழுகிறது என்று பெண்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். அதற்குத் தீங்கு செய்தவர் வீட்டில் சாவு விழும் என்பார்கள். தபால் நிலையத்தில் முத்திரை குத்தியே காலம் தள்ளியவன் நான்; எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது.

பிடித்து வைக்கிறவர்கள் நிறையப் பேர். வளர்க்கத் தெரிந்தவன், என் அறிவுக்கு எட்டியவரை, நான் ஒருவன்தான். மற்றவர்கள் வெட்டுக்கிளி போடுவார்கள், புழு போடுவார்கள். வயிறு புடைத்திருக்கும், இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு வரும். தின்றுகொண்டே பட்டினியில் சாகும். அதற்கு எறும்பு வேண்டும். விதை பொறுக்கும் பெரிய சிவப்பு எறும்பு, அதுவும் உயிரோடு, தினமும் பிடி பிடியாக. அசையாத எறும்பை அது திரும்பிக்கூடப் பார்க்காது. இதற்கு நான் கண்டுபிடித்த வழி பிரிட்ஜ். கண்ணாடிப் புட்டியில் எறும்பைப் போட்டுக் கீழ்த்தட்டில் வைத்தால் குளிரில் விறைத்துக் கிடக்கும். வெயிலில் கொட்டினால் கொஞ்ச நேரத்தில் எழுந்து நடக்கும். வெப்பம் பட வேண்டும், அவ்வளவுதான்.

அக்காவுக்கு எறும்பு ஆகாது. ஒருமுறை ஒரே ஒரு எறும்பு காலில் கொட்டி, உதடு வீங்கி, தொண்டை அடைத்துவிட்டது. பக்கத்து வீட்டு ரொசேந்தோ வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு கபோர்கா ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். அடுத்த தடவை இவ்வளவு நேரம் தாங்காது என்று சொல்லி, கொட்டியதும் தொடையில் குத்திக்கொள்ள டாக்டர் பேனா மாதிரி ஒரு ஊசி கொடுத்தனுப்பினார். அது சமையலறையில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும்.

அக்கா எர்லிந்தா நல்லவள். ஆனால் வாய் கொஞ்சம் நீளம். கீழ்த்தட்டுப் பக்கம் அவள் கை போகாது. அங்கிருந்து எதை எடுப்பதானாலும் என்னைத்தான் கூப்பிடுவாள்.

"ஏண்டா எலியோதோரோ, என் சாவைக் கொண்டுவந்து பாலாடைக்கட்டிக்குப் பக்கத்துல அடுக்கி வச்சிருக்கியே, உனக்கே நல்லாருக்கா?"

"அது தூங்குதுக்கா."

"நீயுந்தான் தூங்குற. எழுந்தா தட்டைத் தூக்கிட்டு வந்து நிக்கிற. ஒரு முட்டை உடைக்கத் தெரியாது, அஞ்சு ஜீவனுக்குச் சோறு போடுறேன்னு ஊரெல்லாம் பேச்சு."

"நாலுதான்க்கா."

"அஞ்சாவது நீடா. உனக்கு நான் போடுறேன்."

நான் கோபப்படவில்லை. நான் கோபப்படுகிறவன் இல்லை என்பதை ரொசேந்தோவிடம் கேட்டால் சொல்வார்.

ஈஸ்டருக்குப் பிறகு ஒரு நாள், குளிக்கப் போனபோது துண்டில் ஒரு எறும்பு ஊர்வதைப் பார்த்துவிட்டாள். கொட்டவில்லை. ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். பல்லிகள் மேல் கை வைக்க அவளுக்குப் பயம், மாதா பார்த்துக்கொண்டிருப்பாளே. அதனால் சோளம் வேகவைத்த சுண்ணாம்புத் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க வாளியில் எடுத்துக்கொண்டு போய் வீட்டைச் சுற்றியிருந்த புற்றுகளில் எல்லாம் ஊற்றினாள். ஜெபமாலைக் கூட்டத்துப் பெண்களையும் கிளப்பிவிட்டாள். அவர்களும் ஆளுக்கொரு வாளியோடு வறண்ட ஓடை வரைக்கும் ஒரு புற்று மிச்சமில்லாமல் ஊற்றிவிட்டார்கள். ஓடையைத் தாண்டி எறும்பு பிடிக்கப் போக என் முட்டிவலி விடாது.

"அதுங்க செத்துடும்க்கா," என்றேன்.

"நான் அதுங்களைத் தொடவே இல்லியே. காளைக்கன்னைத் தொட்டா பாவம். எறும்பைக் கொன்னா பாவம்னு எந்தச் சாமியாரும் சொல்லல."

அந்தப் பேச்சை யோசித்துக்கொண்டே இருந்தேன். காளைக்கன்றைக் கொல்வது பாவம் என்று ஊரே சொல்கிறது. அக்காக்களைப் பற்றித் தனியாக யாரும் எதுவும் சொல்லிக் கேள்விப்பட்டதில்லை.

என்னிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு புட்டி எறும்பு. பல்லிகளுக்கு வெட்டுக்கிளி போட்டுப் பார்த்தேன். ராணி என்று ஒரு பெண் பல்லி, மூத்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டு மணலில் புதைந்துவிட்டது. அதன் முதுகில் எலும்பு தெரிந்ததைப் பார்த்து நான் அழுதேன். உண்மையாகவே அழுதேன் ஐயா, எழுதிக்கொள்ளுங்கள். புட்டியைக் கொட்டினால் ஒரு நாள் பசி தீரும். மறுநாள்? புதிதாகப் புற்று கொண்டுவந்து வைத்தாலும் மறுபடி வாளி வரும். வீட்டுப் பொறுப்பு உள்ளவன் நாளையையும் யோசிக்க வேண்டும்.

காலையில் அக்கா கோழிகளுக்குத் தீனி போடப் போனாள். அவளுடைய ஏப்ரன் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. எறும்புகளை அதன் இரண்டு பைகளிலும் பாதிப்பாதியாகப் போட்டேன். குளிரில் இருந்த எறும்பு, ஒன்றுகூடச் சிந்தவில்லை. பிரிட்ஜின் கீழ்த்தட்டில் புட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. உப்பு டப்பாவுக்குப் பக்கத்திலிருந்த ஊசியை எடுத்து அங்கே வைத்தேன். மறைத்தேன் என்று சொல்லாதீர்கள். தட்டில் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது.

அக்கா வந்தாள், ஏப்ரனைக் கட்டினாள், அடுப்பைப் பற்றவைத்துக் காப்பித் தண்ணீரை ஏற்றினாள். தோர்த்தியா ரொட்டி தட்ட மாவை உருட்டினாள். நான் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். அடுப்படியில் நல்ல சூடு. கல்லில் போட்டதைத் திருப்பிவிட்டு, வழக்கம்போல் ஜெபமாலையை எடுக்க ஏப்ரன் பைக்குள் கை விட்டாள்.

கையை வெடுக்கென்று இழுத்து உதறினாள். உப்பு டப்பாவைத் தள்ளிப் பார்த்தாள், அலமாரியைக் கலைத்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "தம்பி, ஊசி," என்றாள். "எங்கேயோ பார்த்தேன்க்கா, யோசிக்கிறேன்," என்றேன். பிரிட்ஜ் அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதன் கதவில் சாய்ந்துதான் உட்கார்ந்தாள். கீழ்த்தட்டில் அவள் தேட மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

அவள் மூச்சு அடங்கியதும் இடுக்கியை எடுத்து வந்தேன். பையிலிருந்து, கையிலிருந்து, கழுத்துப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் புட்டியில் போட்டேன். உயிருள்ள எறும்பை வீணாக்க எனக்கு மனசு வராது. காப்பி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, அதை அணைக்க எனக்குத் தெரியவில்லை. கொல்லையில் வெயில் வந்திருந்தது. ராணிதான் முதலில் வந்தது. எல்லாம் தின்று முடித்த பிறகு ரொசேந்தோவைக் கூப்பிட்டேன்.

துக்கத்துக்கு வந்த ஜெபமாலைப் பெண்கள் முகத்தில் ரத்தமே இல்லை. "காளைக்கன்னைப் பட்டினி போட்டோமே, அதான் வீட்டுல சாவு விழுந்துடுச்சு," என்று மூலையில் கிசுகிசுத்தார்கள். அதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்கும் பட்டது. நீங்கள்தான், அந்தத் தெருவில் எறும்பே இல்லாதபோது அவளைக் கொட்டிய எறும்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். தெருவை அவ்வளவு சுத்தமாக்கியவள் அக்காதான். எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள்.

ஆக, நான்தான் செய்தேன். அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் நேற்று உங்கள் காவலர் ஒரு விஷயம் சொன்னார். பல்லிகளை ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டாராம்.

"இறக்கி விட்டதும் நேரா புத்துக்குப் போயி உட்காந்துடுச்சு பெரியவரே," என்று சிரிக்கிறார். "நாக்கை நாக்கை நீட்டி என்னமா திங்குது தெரியுமா!"

நான் நம்பவில்லை. வெறும் பாலைவனத்தில், கவனிக்க ஆளில்லாமல், அவை எப்படிப் பிழைக்கும்? யார் எறும்பு கொடுப்பார்கள்? அக்கா விஷயத்தில் நீங்கள் எழுதியதற்கெல்லாம் கையெழுத்துப் போடுகிறேன், ஐயா. ஆனால் அதற்குக் கீழேயே, அந்த நாலு வாயில்லா ஜீவன்களைக் கொன்றது நீங்கள் என்றும் எழுதுங்கள்.