பவளத்தைத் தேடிப் போனவர்

எங்கள் தாமான் குடியிருப்பில் மாலை ஆறு மணிக்கு மேல் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. அப்படி ஒரு சட்டமெல்லாம் கிடையாது, பழகிப்போய்விட்டது. கோலாலம்பூர் அரை மணி நேரப் பயணம்தான். ஆனாலும் நெடுஞ்சாலையை விட்டிறங்கிக் காவலாளி சாவடியைத் தாண்டினால் மைனாக்களின் சத்தத்தைத் தவிர வேறெதுவும் காதில் விழாது. எந்தத் தெருவில் நடந்தாலும் கடைசியில் ஒரு பூங்காவில்தான் போய் நிற்க வேண்டும். அங்குள்ள மழைமரங்களில் பாதி என் கணவர் மருதமுத்து நகராண்மைக் கழகத்தில் வேலை பார்த்தபோது ஆள் வைத்து நட்டவை. அந்த மரங்களுக்குப் பக்கத்தில்தான் வீடு வேண்டும் என்று பிடிவாதமாக நின்று இந்த வீட்டை வாங்கினார்.

நீங்கள் காவலாளி தாப்பாவை நேற்றிலிருந்து இங்கே ஸ்டேஷனில் உட்கார வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், இன்ஸ்பெக்டர். அந்தப் பிள்ளையை விட்டுவிடுங்கள். நேப்பாளத்தில் அவனை நம்பி ஒரு குடும்பமே இருக்கிறது. அவன் என் கணவரைத் தடுக்காமல் விட்டது உண்மை. தடுக்க வேண்டாம் என்று அவனிடம் சொல்லி வைத்தது நான்.

அவருக்கு நினைவு தப்ப ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. முதலில் சாவியை மறந்தார், பிறகு சாப்பிட்டதை மறந்தார், கடைசியில் என்னையும் மறந்தார். ஒரு நாள் காலை நான் கோப்பியைக் கொண்டுபோய் வைத்தபோது எழுந்து நின்று கைகூப்பினார். "உங்களுக்கு ரொம்ப சிரமம். என் வீட்டுக்காரி பவளம் வந்துருவா, அவ பாத்துக்குவா" என்றார். பவளம் என்பது நான்தான். நாற்பது வருடமாக நான்தான்.

அன்றைக்கு மட்டும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். பிறகு அழவில்லை. என் கணவர் போய்விட்டார், அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு யாரோ ஒரு பெரியவர் வீட்டில் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொண்ட பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது. இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் நான் சொல்லப்போவது அவ்வளவு மோசமாகத் தோன்றாது.

தினமும் சாயங்காலம் அவர் பவளத்தைத் தேடிக் கிளம்பிவிடுவார். கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் மழைமரத்தடியில் சந்திப்பது வழக்கம். அந்த ஞாபகம் மட்டும் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்தது போலும். மரம் மரமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போவார். எங்கள் தாமான்காரர்கள் நல்லவர்கள். யார் கண்ணில் பட்டாலும் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். பக்கத்து வீட்டு மிஸஸ் யோங் நாயை ஒரு கையிலும் அவரை ஒரு கையிலும் பிடித்தபடி கேட்டுக்கு வெளியே நின்று சிரிப்பாள்.

"உங்க ஹீரோ வந்துட்டாரு லா. எல்லா மரத்துக்கும் சலாம் போட்டுட்டு நின்னாரு. அடுத்த தடவ டெலிவரி சார்ஜ் வாங்கிடுவேன், சொல்லிட்டேன்."

எதிர்வீட்டு ஹஸ்னா கொண்டுவந்து விடும் நாளில் அவர் கையில் ஒரு கறிபாப் பலகாரமும் இருக்கும். "பசியா இருந்தாரு அக்கா, அதான் குடுத்தேன்" என்பாள். நான் அவருக்குச் சோறு போடுவதில்லை என்று அவள் நினைத்தாளோ என்னவோ. நானும் நன்றி சொல்லி வாங்கி உள்ளே விட்டுப் பூட்டிக்கொள்வேன்.

உண்மையைச் சொல்ல வந்திருக்கிறேன், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவர் வெளியே போய்த் திரும்பக் கொண்டுவரப்படும் வரை கிடைக்கும் கொஞ்ச நேரம்தான் எனக்கென்று இருந்தது. வாசலில் நாற்காலியைப் போட்டு உட்காருவேன். பக்கத்துப் பூங்காவில் காற்று வீசும். என்னை யாரும் யார் என்று கேட்க மாட்டார்கள். அப்போதுதான் தெருமுனையில் மிஸஸ் யோங்கின் நாய் குரைக்கும், நாற்காலியை உள்ளே இழுத்துப் போடுவேன். நல்ல மனிதர்களை அப்படி வெறுக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஆகவே தாமான் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டேன். டாக்டர் அவரைத் தனியாக நடக்கவிடச் சொல்லியிருக்கிறார், யாராவது பிடித்துக் கூட்டிவந்தால் பயந்துபோய் இரவெல்லாம் கத்துகிறார், தயவுசெய்து தடுக்காதீர்கள், பார்த்தால் சிரித்துவிட்டுப் போங்கள் என்று எழுதினேன். எந்த டாக்டர் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அடுத்த வீட்டு விஷயத்தைத் துருவிக் கேட்பது எங்கள் தாமானில் மரியாதை இல்லை. எல்லோரும் கைகூப்பும் படமும் பூப்படமும் அனுப்பினார்கள். தாப்பாவிடம் நானே நேரில் போய்ச் சொன்னேன். அவனுக்குத் தடுமாற்றம்தான்.

"வெளிய ரோடு இருக்கு மேடம். அங்கெலுக்கு வண்டி வர்றது தெரியாது."

"தெரியும் தம்பி. நீ தடுத்தாத்தான் அவருக்குக் கோவம் வரும். விட்டுரு."

அவர் கையில் விலாசம் பொறித்த ஒரு சங்கிலி இருந்தது, மிஸஸ் யோங் சொந்தச் செலவில் செய்து போட்டது. தோல் அரிக்கிறது என்று சொல்லிக் கழற்றி வைத்தேன். கொஞ்சம் சிவந்துதான் இருந்தது.

சாவடிக்கு வெளியே, சாலையைத் தாண்டினால், மழைநீர் தேங்கும் குளமும் அதைச் சுற்றி ஒரு பூங்காவும் இருக்கின்றன. நீங்கள் பார்த்திருப்பீர்கள். வேலியைப் புதுப்பிக்க வேண்டும் என்று பழையதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சிவப்பு வெள்ளை நாடாவைக் கட்டியிருந்தார்கள். காலையில் நடக்கப் போனபோது அதைப் பார்த்தேன். வேறு எதுவும் யோசிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் "பவளம் எங்கங்க?" என்று கேட்கும்போதெல்லாம் "குளத்துப் பக்கம் இருக்கா" என்று பதில் சொல்லத் தொடங்கினேன். ஏதாவது ஒரு பதில் சொல்லத்தானே வேண்டும்?

சில நாள் குளத்தைப் பார்த்துவிட்டு அவரே திரும்பி வந்தார். அவர் கால்களுக்கு வழி தெரிந்திருந்தது. அது எனக்கு வியப்பாக இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

புதன்கிழமையும் அப்படித்தான். தேநீர் குடித்தார், கேட்டார், சொன்னேன், போனார். மிஸஸ் யோங் பூங்காவில் அவரைப் பார்த்துக் கையாட்டியிருக்கிறாள். ஹஸ்னா சிரித்திருக்கிறாள். இப்போது இரண்டு பேரும் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, பார்த்தும் விட்டுவிட்டோமே என்று அழுகிறார்கள். அவர்களிடமும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

தாப்பா அன்றைக்கு எனக்குப் போன் செய்தான். அவன் கைப்பேசியை வாங்கிப் பாருங்கள், என் எண் இருக்கும். "மேடம், அங்கெல் மறுபடியும் வெளிய போறாரு. பேய் மழை. நான் கூட்டிட்டு வரவா?" என்று கேட்டான். "அவருக்கு மழை பிடிக்கும், விட்டுரு" என்றேன். பயத்தில் அவன் இதைச் சொல்லியிருக்க மாட்டான். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுகூட நினைத்திருப்பான். அப்படிப்பட்ட பிள்ளை.

ஆமாம். மறுபடியும் என்றுதான் சொன்னான். நீங்கள் அதைக் கவனித்துவிட்டீர்கள்.

அவர் திரும்பி வந்தார், இன்ஸ்பெக்டர். மழை பிடித்ததும் குளத்திலிருந்து தானாகவே வீட்டுக்கு வந்துவிட்டார். நான் சன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தேன். கேட்டைப் பூட்டியிருந்தேன். எப்போது பூட்டினேன் என்று ஞாபகம் இல்லை. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைமுடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. நிமிர்ந்து சன்னலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, வேலை முடிந்து வரும் காலத்தில் கூப்பிடுவாரே, அதே குரலில் கூப்பிட்டார்.

"பவளம். கேட்டத் தொற புள்ள."

இரண்டு வருடமாக அந்தக் குரலைக் கேட்கவில்லை. சாவி என் கையில்தான் இருந்தது. திறந்திருந்தால் உள்ளே வந்திருப்பார், துண்டை எடுத்துத் தலையைத் துவட்டியிருப்பேன், மறுநாள் காலையில் எழுந்து நின்று எனக்குக் கைகூப்பியிருப்பார். அதைத்தான் என்னால் இன்னொரு தடவை தாங்க முடியாது என்று தோன்றியது. சன்னலைக் கொஞ்சமாகத் திறந்தேன்.

"பவளம் இங்க இல்லிங்க. அவ குளத்துப் பக்கம் இருக்கா."

அவர் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. என்னையே பார்த்தார். பிறகு மரியாதையாகச் சிரித்தார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. பாக்குறதுக்கு அவ மாதிரியே இருந்தீங்க. மழையில நனைஞ்சுக்கிட்டு நிப்பா. நான் போயிக் கூட்டியாந்துர்றேன்."

தெருமுனை வரை வேகமாகப் போனார், தனக்காகக் காத்து நிற்பவளிடம் போகிறவரின் வேகம். சன்னலைச் சாத்தினேன். தேநீர்க் கோப்பைகளைக் கழுவி வைத்தேன். அதற்குப் பிறகுதான் தாப்பாவின் போன் வந்தது.

இவ்வளவுதான். குளத்திலிருந்து அவரை நீங்கள் எடுத்த பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். அவர் என் கணவர் இல்லை, முன்பே சொன்னேனே, யாரோ ஒரு பெரியவர். வாசலில் குடை இருந்தது. அதை மட்டும் எடுத்துக் கொடுத்திருக்கலாம். நனைந்தால் அவருக்கு உடனே சளி பிடித்துவிடும்.