கம்ப்யூட்டருக்குச் சுற்றிய எலுமிச்சம்பழம்

மாலையில் கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பிய மின்சார ரயிலில், எதிர் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவனிடம் சொன்னார்: "கம்ப்யூட்டருக்கு எலுமிச்சம்பழமே சுத்திப் போட்டுட்டேம்பா. அப்பவும் அந்தச் சனியன் போவல."

அவர் கழுத்தில் தொங்கிய அதே கம்பெனி ஐடி கார்டுதான் அவன் கழுத்திலும் தொங்கியது. "எந்தச் சனியன்க்கா?"

"நெட்ட தொறந்து எதனா தேடுனா, யாரும் கேக்காத ஒரு பக்கம் வந்து நிக்குதே, அதான்."

"போன வாரம்தான நான் செட்டிங்ஸ்ல போயி அத்த எடுத்துட்டு, பழைய பக்கத்தையே வச்சுக் குடுத்தேன்?"

"நீ எடுத்தா வியாழன் வரைக்கும் நல்லாக்குது. வெள்ளிக்கிழம திரும்ப வந்துடுது."

"வெள்ளிக்கிழம இன்னா பண்றீங்க?"

"இன்னா பண்ணுவேன்? அது ஒழியணும்னு வேண்டிக்கினு, புதுசா ஒரு அம்மன் படம் எறக்கி ஸ்கிரீன்ல வைப்பேன். ஃப்ரீதான். நெக்ஸ்ட், நெக்ஸ்ட்டுனு அமுக்கிக்கினே போனா வந்துடும்."

"ஐயோ அக்கா, அந்தப் படத்தோட ஒட்டிக்கினுதான் அதுவும் வருது! நடுவுல ஒரு டிக் இருக்கும், அத்த எடுத்துட்டு அமுக்கணும்."

பொன்னேரி வருவதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அப்போ பழத்த எனக்குல்ல சுத்திருக்கணும்!"