நெதர்டவுன் நிறுத்தத்தில் உயராத கை

என் பெயர் ஈனிட் மாசப். வயது அறுபத்தெட்டு. கணவர் இறந்துவிட்டார். ஒயிட்ஹேவன் துறைமுகத் தெருவில் தனியாக வசிக்கிறேன். வண்டியை நிறுத்திய சம்பவம் பற்றி ரயில்வே போலீசாரிடம் நான் தரும் வாக்குமூலம் இது.

கணவர் போன பிறகு புதன்கிழமைதோறும் கடலோர ரயிலில் ஏறி, ஏதாவது ஒரு சிறு நிறுத்தத்தில் இறங்கி, கரையோரம் நடந்துவிட்டுத் திரும்புவது என் வழக்கம். நெதர்டவுனில் கை காட்டினால்தான் வண்டி நிற்கும். அங்கே ஒரு முதியவர் கை காட்டி நிறுத்துவார், ஆனால் ஏறமாட்டார். கார்டு டேரன், “என்ன பெரியவரே, இன்னைக்காச்சும் ஏறுறீரா, இல்ல நம்ம மூஞ்சியப் பாக்கத்தானா?” என்பார். “உன் மூஞ்சிக்கு யாருய்யா நிறுத்துவா? வண்டி ஓடுதான்னு பாத்தேன், போ” என்பார் அவர். பிறகு என் ஜன்னலைப் பார்த்துத் தொப்பியைத் தூக்குவார். நான் தேநீர்க் கோப்பையைத் தூக்குவேன். வேறு பேச்சு இருந்ததில்லை.

சம்பவத்தன்று அவர் பெஞ்சில் சாய்ந்திருந்தார். கை காட்டவில்லை. வண்டி மெதுவாகி, நிற்காமல் நகர்ந்தது. தொப்பி தரையில் கிடந்தது. காற்றில் உருண்டும் அவர் எடுக்கவில்லை. அதன் பிறகு நான் அபாயக் கைப்பிடியை இழுத்தேன். டேரன் ஓடிவந்து, “ஏம்மா, உங்களுக்கென்ன ஆச்சு? காரணமில்லாம இழுத்தா கேஸாயிரும்” என்றார். “எனக்கில்ல, அவருக்கு” என்றேன். கடைசிப் பெட்டியின் கதவு மட்டும் நடைமேடையை ஒட்டி நின்றது. அது வழியாக இருவரும் இறங்கினோம். முதியவருடைய வலது கை மடியிலேயே கிடந்தது. இடது கையால் அதைத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு வரவில்லை.

டேரன் ஆம்புலன்ஸுக்குச் சொன்ன பிறகு வண்டி போக வேண்டியிருந்தது. நான் முதியவருடன் இருந்துவிட்டேன். ஆம்புலன்ஸ்காரர்கள் பெயர் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. அவர்களே சட்டைப்பையில் இருந்த அட்டையைப் பார்த்து வில்ஃப்ரட் பென் என்று படித்தார்கள். அவர்கள் அவரை ஏற்றிக்கொண்டு போன பிறகு, அவருடைய தொப்பியுடன் அடுத்த வண்டிக்குக் காத்திருந்து, கை காட்டி ஏறினேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உயிரோடு இருக்கிறார், உறவினர் மட்டுமே பார்க்கலாம் என்றார்கள். நீங்கள் யார் என்று கேட்டார்கள். தொப்பியோடு திரும்பி வந்துவிட்டேன்.

கைப்பிடியை இழுத்தது நான்தான்; அபராதம் விதித்தால் ஏற்கிறேன். தொப்பி என்னிடம் உள்ளது. அவரிடம் விசாரிக்கும்போது, புதன்கிழமை ஜன்னலோரத்தில் கோப்பை தூக்குகிறவள் என்று சொன்னால் அவருக்குத் தெரியும். அதையும் எழுதிக்கொள்ளக் கேட்டேன், போலீசார் எழுதினார்கள். படித்துக் காட்டியதைக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ஈனிட் மாசப்